கால் தின்றால் காலுக்குப் போகுமா?

சேலத்தில் யாருக்காவது முட்டி வலி என்றால் முதலில் வரும் யோசனை ஆட்டுக்கால் சூப்தான். இப்போது அந்த இடத்தில் கொலாஜன் பவுடர் வந்து உட்கார்ந்திருக்கிறது. கொலாஜன் என்பது தோலிலும் மூட்டிலும் இருக்கும் ஒரு புரதம். சூப்புக்கு நான் எதிரி இல்லை, மிளகு தூக்கலாக இருந்தால் இரண்டு கிண்ணம் குடிப்பேன். ஆனால் சாப்பிட்ட கொலாஜன் நேராக முட்டிக்குப் போய்ச் சேரும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

இரைப்பை அமிலம் புரதத்தின் மடிப்பைக் குலைக்கும். பெப்சின் என்ற நொதி அதை நறுக்க ஆரம்பிக்கும். பெரிய வேலை சிறுகுடலில்தான். அங்கே நறுக்கும் டிரிப்சினைக் கணையம் அப்படியே அனுப்பாது, டிரிப்சினோஜன் என்ற முடங்கிய நிலையில்தான் அனுப்பும். குடலுக்கு வந்ததும் என்டிரோகைனேஸ் என்ற இன்னொரு நொதி அதில் ஒரு துண்டை வெட்டிவிட்ட பிறகே அது வேலைக்கு இறங்கும். ஏன் இவ்வளவு முன்ஜாக்கிரதை? கணையமும் புரதத்தால் ஆனதுதானே! அங்கேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே அரித்துவிடும். கடும் கணைய அழற்சியில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

புரதம் இப்படி உடைந்து கிடைக்கும் சின்னத் துண்டுகளான அமினோ அமிலங்கள் ரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. செவ்வாய்பேட்டைப் பட்டறையில் பழைய கொலுசையும் குங்குமச்சிமிழையும் ஒன்றாக உருக்கிய பிறகு, எது கொலுசு வெள்ளி என்று யாரால் சொல்ல முடியும்? கொலாஜன் துணுக்குகள் கொஞ்சம் முழுசாக உடையாமலும் ரத்தத்தில் சேர்வது உண்மை. விற்பவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற, உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை என்பதை மட்டும் டப்பாவில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

ஜிம் தம்பிகளுக்கும் ஒன்று. பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதில் வீரம் எதுவும் இல்லை. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் வேகவைத்த முட்டையின் புரதம் சுமார் 90 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் பாதிதான்.

கொள்ளு விஷயமும் அதேதான். பச்சைக் கொள்ளில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாக வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். நம் வீடுகளில் வெந்த தண்ணீரை ரசத்துக்கு இறுத்துவிட்டு, கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாயோடு கடைவார்கள். உடம்புக்கு நல்லது என்று ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், புரதம் பெரும்பாலும் கடைந்ததில்தான் இருக்கிறது. அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் கொள்ளில் உண்டு, கொள்ளில் குறைவான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் உண்டு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.