எல்லா மேட்டையும் நார்மன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வயலோரமாகவோ தேவாலயத்துக்குப் பின்னாலோ புல் மூடிய வட்ட மேடு ஒன்று தனியாக நிற்கும். உச்சி தட்டை, அடியில் தூர்ந்துபோன அகழி. கேட்டால் 'நார்மன் கோட்டை மேடு' என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையோடு வந்து இறங்கி இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் பிரபு வில்லியமுக்குக் கல்லில் கோட்டை கட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது? சுற்றி அகழி வெட்டு, வெட்டிய மண்ணை நடுவில் குவி, மேலே மரக்கோபுரம் ஏற்று, பக்கத்தில் வேலி போட்டு ஒரு முற்றம் அமை. முடிந்தது கோட்டை. அந்தப் படையெடுப்பின் கதையைத் தையலில் சொல்லும் பேயோ சித்திரத் துணியில், ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரின் மேடு எழும்பும் காட்சியையே தைத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஆட்கள் மண் அள்ளிப் போட, இரண்டு பேர் மட்டும் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியாலேயே அடித்துக்கொள்கிறார்கள்!

எனக்கு உறுத்துவது அந்தப் 'பெரும்பாலும்'தான். உருவத்தைப் பார்த்தே காலத்தை எழுதிவிடும் பழக்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

வில்ட்ஷயரின் மார்ல்பரோ மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 19 மீட்டர் உயரம், இப்போது ஒரு பள்ளி வளாகத்துக்குள் இருக்கிறது. நார்மன் மன்னர்கள் அதன்மேல் கோட்டை வைத்திருந்தார்கள். பின்னாளில் மன்னனான ஜான் 1189-இல் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான். எழுத்து ஆதாரம் இவ்வளவு இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் 2010-இல் அதில் துளை போட்டு, உள்ளிருந்த மண்ணை அடுக்குக் கலையாமல் எடுத்தார்கள். அதில் கிடைத்த கரித்துண்டுகளின் கார்பன் காலக்கணிப்பு, கி.மு. 2400 வாக்கில் என்றது. எட்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் புகழ்பெற்ற சில்பரி மேட்டின் அதே காலம். கோட்டை கட்ட வந்த நார்மன்களுக்கு மேடு தயாராக இருந்திருக்கிறது, மூவாயிரம் வருஷத்துக்கும் மேலாக.

அப்புறம் கிழக்கு யார்க்‌ஷயரின் ஸ்கிப்சீ. துரோகோ என்ற நார்மன் பிரபு 1086 வாக்கில் அங்கே கோட்டை அமைத்தான். ஒருகாலத்தில் பக்கத்திலேயே ஏரி இருந்தது, இப்போது வற்றிய நிலம். ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஜிம் லியரி குழு துளைபோட்டுப் பார்த்து 2016-இல் சொன்னது: சுமார் 13 மீட்டர் உயரமுள்ள இந்த மேடு கி.மு. 500-ஐ ஒட்டிய இரும்புக்காலத்தது. பிரிட்டனில் அந்தக் காலத்தில் இத்தனை பெரிய மேடு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தேர்களோடு ஆட்களைப் புதைத்த இரும்புக்கால மக்கள் வாழ்ந்த வட்டாரம் அது என்பதை நினைத்தால், அவ்வளவு வியப்பாக இல்லை.

ஒரு கரித்துண்டை வைத்துக் காலம் சொல்லிவிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய குடியிருப்பு மண்ணை வாரிக் கொட்டினால், பழைய கரியும் கூடவே வந்துவிடும். ஆகவே மேடு அந்தக் கரியைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பதற்கு மட்டுமே ஒற்றைத் துண்டு சாட்சி. வெவ்வேறு ஆழத்துத் துண்டுகள் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

இந்தச் சின்னத் துளை முறையை நான் ஆதரிக்க இன்னொரு காரணமும் உண்டு. சில்பரியில் 1776-இல் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கிணறே தோண்டினார்கள், சரியாக மூடவில்லை. 2000-இல் உச்சி உள்வாங்கிப் பெரிய பள்ளம் விழுந்தது. 2007-இல் மறுபடி உள்ளே போய் வெற்றிடங்களை அடைக்க வேண்டியதாயிற்று. போர்வெல் போடுவது மாதிரி ஒரு துளையோடு முடிகிற வேலைக்கு இத்தனை பாடு தேவையில்லை.

அதற்காகத் துளையே எல்லாம் சொல்லிவிடாது. சரே மாவட்டத்தின் ஆபிங்கர் மேட்டு உச்சியை 1949-இல் பிரையன் ஹோப்-டெய்லர் பரவலாக அகழ்ந்ததால்தான், கோபுரத்தின் கால்களும் வேலிக் கம்பங்களும் நின்ற குழிகள் வரிசையாகத் தெரிந்தன. கோபுரம் ஒரு சின்ன அறை அளவுதான்! குழாயில் வரும் மண்ணில் இது தெரியாது.

இதன் மறுபக்கமும் எனக்கு எரிச்சல்தான். ஸ்கிப்சீ செய்திக்குப் பிறகு, எந்த மேட்டைப் பார்த்தாலும் வரலாற்றுக்கு முந்தையதாக இருக்கக்கூடாதா என்ற ஆசை. லியரி குழு சோதித்த சுமார் 20 மேடுகளில் பெரும்பாலானவை நார்மன் காலத்து மேடுகள்தான். நாளிதழ்களுக்கு அதில் சுவாரசியம் இல்லை. எனக்கு உண்டு. நேற்றுவரை அனுமானமாக இருந்தது இப்போது சோதித்து உறுதியானது, சும்மாவா? ஸ்கிப்சீயிலும் துரோகோவை ஓரங்கட்ட வேண்டாம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய மேட்டைப் பிடித்து, மேலே மரக்கோட்டை வைத்து ஊரை ஆண்டதும் அதே மேட்டின் கதைதான்.

மேட்டடியில் நிற்கும் தகவல் பலகைகளில் '11-ஆம் நூற்றாண்டு' என்று போடுவதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. சோதித்துச் சொன்னதா, உருவத்தைப் பார்த்துச் சொன்னதா என்று கூடவே ஒரு வரி சேர்த்தால் போதும்.