ஆப்பிரிக்காவின் பணக்கார நாடு எது?

"ஆப்பிரிக்காவின் டாப் 10 பணக்கார நாடுகள்" என்று வீடியோக்கள் வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ட்ரோனில் எடுத்த நாலு கட்டடம், பின்னால் துள்ளலாக ஓர் இசை, திரையில் பெரிய எழுத்தில் தனிநபர் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்த எண். கீழே கருத்துச் சொல்பவர்கள் இரண்டு கட்சி. "ஆப்பிரிக்கா எங்கேயோ போய்விட்டது, நாம்தான் தூங்குகிறோம்" என்பார்கள் சிலர். "அங்கே சோற்றுக்கே வழியில்லை, எல்லாம் பொய்" என்பார்கள் மற்றவர்கள். 54 நாடுகள் உள்ள ஒரு கண்டத்தை இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வீடியோவில் காட்டும் எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்து அங்கே ஒரு சராசரி வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. எவ்வளவு முடியாது என்பதற்கு எக்குவடோரியல் கினியைவிடப் பொருத்தமான நாடு உலகத்திலேயே கிடையாது என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பெயினிடமிருந்து 1968இல் விடுதலை பெற்ற சின்ன நாடு அது. முதல் அதிபர் மசியாஸ் ங்குவேமா நடத்திய கொடுமையில் மக்கள்தொகையில் பெரும் பங்கு செத்தது, அல்லது நாட்டைவிட்டு ஓடியது. 1979இல் அவருடைய உடன்பிறப்பின் மகன் டியோடோரோ ஒபியாங் அவரைக் கவிழ்த்து, விசாரணை நடத்திச் சுட்டுக் கொன்றார். இன்றும் அவர்தான் அதிபர். 1995இல் அமெரிக்காவின் மொபில் நிறுவனம் கடலுக்கடியில் சாஃபிரோ எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. அதுவரை கோகோவும் மரமும் விற்றுக்கொண்டிருந்த நாடு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தனிநபர் ஜிடிபியில் சில ஐரோப்பிய நாடுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

2011ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சிமாநாடு அங்கே நடந்தது. அப்போது தலைநகராக இருந்த மலாபோவுக்குப் பக்கத்தில் சிபோபோ என்ற இடத்தில், வந்து போகும் நாட்டுத் தலைவர்கள் தங்குவதற்கென்றே 52 மாளிகைகள் கட்டினார்கள். செயற்கைக் கடற்கரை, கோல்ஃப் மைதானம் எல்லாம் உண்டு. அதே 2011இல் நாடு முழுக்க வீடுவீடாக ஒரு குடும்பநலக் கணக்கெடுப்பும் நடந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பது அதில் தெரிந்தது. நீண்ட நாள் சரியான சாப்பாடு இல்லாமலும் அடிக்கடி வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தும் வளர்கிற குழந்தைக்குத்தான் அப்படி ஆகும். எண்ணெய்ப் பணம் உச்சத்தில் இருந்த காலத்தில் பிறந்த குழந்தைகள் அவர்கள்.

பணம் எங்கே போனது? கொஞ்சம் சாலைக்கும் துறைமுகத்துக்கும் போனது, அதை மறைக்கக் கூடாது. கொஞ்சம் காட்டுக்குள் புதிதாக ஒரு தலைநகர் கட்டப் போனது. இன்னும் கொஞ்சம் எங்கே போனது என்பது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. அதிபரின் மகனும் துணை அதிபருமான டியோடோரின் ஒபியாங்கை 2017இல் பாரிஸ் நீதிமன்றம் பொதுப்பணத்தைச் சுருட்டிய வழக்கில் குற்றவாளி என்றது. 2021இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்விட்சர்லாந்தில் அவரிடமிருந்து பறிமுதல் செய்த 25 சொகுசு கார்களை 2019இல் ஏலம் விட்டார்கள். கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஒரு மாளிகை, மைக்கேல் ஜாக்சனின் கல் பதித்த கையுறை என்று அமெரிக்க வழக்கின் பட்டியல் வேறு. அந்தக் கையுறையின் விலையும் அந்த நாட்டு எண்ணெயிலிருந்து வந்ததுதான் என்பது அமெரிக்க அரசின் வாதம்.

இதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது ஐ.நா. செய்த காரியம். 'மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகள்' என்று ஐ.நா. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதிலிருந்து வெளியேற மூன்று அளவுகோல்கள் உண்டு: வருமானம், மக்களின் உடல்நலமும் கல்வியும், பொருளாதாரம் அதிர்ச்சியைத் தாங்கும் திறன். வழக்கமாக மூன்றில் இரண்டில் தேற வேண்டும். ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள். அப்போதைய விதிப்படி, வருமானம் மட்டும் வரம்பைப்போல இரண்டு மடங்கு இருந்தால், மற்ற இரண்டிலும் தோற்றாலும் பரவாயில்லை. 2017இல் எக்குவடோரியல் கினி அந்த வழியாகத்தான் வெளியே வந்தது. இரண்டு பாடத்தில் ஃபெயில் ஆன பையனை, கணக்கில் நிறைய மார்க் என்று சொல்லி அடுத்த வகுப்புக்கு அனுப்பியதுபோல.

அதே பட்டியலிலிருந்து 2007இல் வெளியேறிய இன்னொரு நாடு கேப் வெர்டே. அட்லாண்டிக் கடலில் பத்துத் தீவுகள், மக்கள்தொகை சுமார் ஐந்து லட்சம். எண்ணெய் இல்லை, வைரம் இல்லை, ஒழுங்கான மழைகூட இல்லை. குடிநீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் வருகிறது. 1940களில் போர்ச்சுகீசியர் ஆட்சியில் அடுத்தடுத்து வந்த பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் செத்த மண். 1975இல் விடுதலை பெற்றபோது இது ஒரு நாடாகத் தேறுமா என்றே பலருக்குச் சந்தேகம்.

அப்புறம் அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வெளிநாடுகள் உதவியாக அனுப்பிய தானியத்தை இலவசமாக அள்ளிக் கொடுக்காமல், அரசு நிறுவனம் மூலமாகச் சந்தை விலைக்கு விற்றார்கள். வந்த காசில் கிராமத்து மக்களுக்குக் கூலி கொடுத்து, மலைச்சரிவில் கல்வரப்பும் தடுப்பணையும் சாலையும் போட வைத்தார்கள். உதவி தானியம் எங்கே போனது என்பதற்குக் கணக்கு இருந்தது. எத்தனையோ நாடுகளில் அதே தானியம் யார் யாருடைய கிடங்குக்கோ போன காலம் அது. 1991இல் முதல்முறையாகப் பல கட்சித் தேர்தல் நடந்தபோது ஆளுங்கட்சி தோற்றது. சண்டை சச்சரவு இல்லாமல் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனது. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. (2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கும் தகுதி பெற்றுவிட்டார்கள். பொருளாதாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எண்ணெய் வற்றத் தொடங்கி இவ்வளவு சரிந்த பிறகும் தனிநபர் ஜிடிபியில் எக்குவடோரியல் கினிதான் மேலே. சராசரி ஆயுட்காலம் கேப் வெர்டேயில் சுமார் 76. எக்குவடோரியல் கினியில் 64ஐ ஒட்டி. பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை!

'ஜிடிபி என்பதே ஏமாற்று' என்று சொல்ல வரவில்லை. அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும். நாட்டு எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பு அது. கடலுக்குள் மேடை போட்டு எண்ணெய் எடுக்கும் நிறுவனம் தன் லாபத்தை டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டாலும் அந்த நாட்டு ஜிடிபியில் அது இருக்கும். வகுக்கிற எண்ணும் உறுதியில்லை. எக்குவடோரியல் கினி அரசின் 2015 கணக்கெடுப்பு மக்கள்தொகை சுமார் 12 லட்சம் என்கிறது, ஐ.நா. மதிப்பீடு அதைவிட அதிகம். எதால் வகுக்கிறீர்களோ அதற்கேற்ப ஆள் பணக்காரனாவான், ஏழையாவான்.

நைஜீரியாவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 2014 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டின் ஜிடிபி 89 சதவீதம் ஏறியது. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவைத் தாண்டி கண்டத்திலேயே பெரிய பொருளாதாரம். நடந்தது என்னவென்றால், அதுவரை 1990ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்போது செல்போன் கிடையாது, நாலிவுட் என்கிற திரைத்தொழிலும் கிடையாது. அதையெல்லாம் சேர்த்து 2010ஐ அடிப்படையாக்கியதும் 27,000 கோடி டாலர் 51,000 கோடி டாலராகிவிட்டது. திருத்தம் நியாயமானதுதான். ஆனால் மறுநாள் காலையில் லாகோஸ் நகரில் யார் வீட்டிலும் ஜெனரேட்டர் சத்தம் குறையவில்லை. பிறகு 2023இல் அந்த நாட்டு நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். டாலருக்கு 460 நைரா இருந்தது அடுத்த ஆண்டே 1,500ஐத் தொட்டது. டாலரில் பார்த்தால் அந்த மாபெரும் பொருளாதாரம் பாதிக்குக் கீழே சுருங்கிவிட்டது. இந்த முறை மட்டும் வீடுகளுக்குள் உடனே தெரிந்தது, ஏனென்றால் பெட்ரோல் மானியமும் அதே சமயத்தில் போய்விட்டது. இன்று நைஜீரியாவின் சராசரி ஆயுட்காலம் 54, 55தான். உலகத்தின் அடிமட்ட வரிசை அது.

அதே நேரத்தில் எத்தியோப்பியாவைப் பாருங்கள். நைஜீரியாவுக்கு அடுத்த பெரிய மக்கள்தொகை, கடற்கரையே இல்லாத நாடு, எண்ணெய்ப் பணமும் இல்லை. நைஜீரியா செழிப்பாக இருந்த காலத்தில் அதன் தனிநபர் வருமானத்தில் இவர்களுக்கு ஒரு சிறு பங்குதான். ஆனாலும் சராசரி ஆயுட்காலம் 67ஐ ஒட்டி இருக்கிறது. 2003இல் அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்களில் பத்தாவது படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு ஊராட்சிக்கும் இருவர் வீதம் அரசுச் சம்பளத்தில் சுகாதாரப் பணியாளராக அமர்த்தினார்கள். தடுப்பூசி, கொசுவலை, கழிப்பறை, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அவர்கள் கையில். நாடு முழுக்க நாற்பதாயிரம் பேரளவு. கொரோனா காலத்தில் தினமும் டிவியில் பார்த்தோமே, உலக சுகாதார நிறுவனத்தின் டெட்ரோஸ், அவர் இந்தத் திட்டம் பரவிய ஆண்டுகளில் அங்கே சுகாதார அமைச்சராக இருந்தவர். 2020இல் தொடங்கிய டிக்ரே போர் அந்த வட்டாரத்தின் மருத்துவமனைகளையும் சுகாதார நிலையங்களையும் நாசமாக்கியது, அது தனி அநியாயம்.

இங்கே ஒருவர் கண்டிப்பாக வந்து ருவாண்டாவைச் சொல்வார். சொல்லட்டும். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அந்த நாடு எழுந்த விதம் சாதாரணமானதில்லை. 'மூத்துவெல்' என்ற சமூக மருத்துவக் காப்பீட்டில் பெரும்பான்மை மக்கள் இருக்கிறார்கள், ஏழைகளுக்கு அரசே சந்தா கட்டுகிறது. அதைப் பாராட்டுகிறேன். அதிலிருந்து 'ஆப்பிரிக்காவுக்கு ஒரு இரும்புக்கரம்தான் சரி' என்று தாவும்போதுதான் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. 2024 தேர்தலில் அதிபர் ககாமேவுக்கு 99 சதவீத ஓட்டு. அப்படிப்பட்ட நாட்டில் வறுமை குறைந்தது என்று அரசு சொல்கிற எண்ணைக் கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? இரும்புக்கரம்தான் வேண்டுமென்றால் ஒபியாங்கிடம் இல்லாத இரும்பா?

எனக்கு மனதுக்குப் பிடித்த உதாரணம் போட்ஸ்வானா. ஆனால் அதைத் தேவலோகம் மாதிரி எழுதுபவர்களைக் கண்டால் ஆகாது. 1966இல் விடுதலையின்போது நாடு முழுக்கத் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர்தான் இருந்தது என்பார்கள். முதல் அதிபர் செரெட்சே காமா, பமங்வாட்டோ இனக்குழுவின் அரச குடும்பத்தில் பிறந்தவர். 1967இல் நிலத்தடிக் கனிமம் எல்லாம் நாட்டுக்குச் சொந்தம் என்று சட்டமானது. அதே ஆண்டு ஓராபாவில் வைரம் கிடைத்தது, அதுவும் அவருடைய சொந்த இனக்குழுவின் பகுதியில்! உரிமை எங்களுக்கே என்று அவர்கள் நின்றிருந்தால் கதையே வேறாகியிருக்கும். வைரக் காசு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் போனது. எய்ட்ஸ் வந்து ஆயுட்காலத்தைத் தரைமட்டமாக்கியபோது, 2002இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக நாடு தழுவிய இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆயுட்காலம் மறுபடி ஏறியது.

சரி, மறுபக்கம்? வைரச் சுரங்கத்தில் சில ஆயிரம் பேருக்குத்தான் வேலை. நாலில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. ஏற்றத்தாழ்வில் தென்னாப்பிரிக்கா, நமீபியாவோடு உலகின் முதல் வரிசையில் நிற்கிறார்கள். இப்போது ஆய்வகத்தில் செய்த வைரம் விலையை அடித்துக் கவிழ்த்துவிட்டது. 2024இல் 58 ஆண்டு ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இல்லாமல் புதிய அதிபர் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். ஒற்றைக் கல்லை நம்பிய நாட்டுக்கு இந்த நாள் வரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாற்று என்ன என்று நாற்பது ஆண்டாகப் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்துவிட்டார்கள்.

மொரீஷியஸைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதை எல்லோரும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பீர்கள். கரும்பைத் தவிர ஒன்றுமில்லை, உருப்படாது என்கிற தொனியில் பின்னாளில் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் 1961இல் எழுதிய தீவு. ஐரோப்பா நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது அதிர்ஷ்டம். அந்தக் காசை ஜவுளி ஆலைகளிலும் இலவசக் கல்வியிலும் போட்டது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

"இதெல்லாம் சின்னத் தீவு, அதனால் சுலபம்" என்பது வழக்கமான பதில். எக்குவடோரியல் கினியும் சின்ன நாடுதான், நெடுங்காலம் அதன் தலைநகராக இருந்த மலாபோவே தீவில்தான் வளர்ந்தது. எத்தியோப்பியாவில் பன்னிரண்டு கோடிக்கு மேல் மக்கள். அளவு உதவும், மறுக்கவில்லை. ஆனால் வருகிற பணத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் இந்த நாடுகளை இவ்வளவு தூரம் பிரித்துவைத்தது என்று நினைக்கிறேன். எத்தியோப்பியா இதில் முழுதாகப் பொருந்தாது என்பதும் தெரியும். அங்கே கணக்குக் கேட்டது மேலிருந்த கட்சிதான், மக்கள் இல்லை.

கடைசியாக ஒன்று. எக்குவடோரியல் கினிக் குழந்தைகளின் உயரத்தை அளந்தது டிஹெச்எஸ் என்ற கணக்கெடுப்பு. வீட்டுத் தரை மண்ணா சிமெண்டா, தண்ணீர் எங்கிருந்து, நேற்று ராத்திரி குழந்தை கொசுவலைக்குள் தூங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 1984இலிருந்து அமெரிக்க உதவிப் பணத்தில் நடந்துவந்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு அந்தப் பணத்தை வெட்டியது; பல நாடுகளில் வேலை பாதியில் நின்றது. கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால உதவி செய்து சில நாடுகளில் மிச்சத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். ஜிடிபியைத் தலைநகரில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம். குழந்தையின் உயரத்தை அளக்க, அந்த ஊர் வரைக்கும் ஒருவர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு இனி யார் சம்பளம் தருவது என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை.