ஒரு படத்துக்கு எதற்கு இரண்டு வட்டு?

ஒரே படம், ஒரே பெட்டி, உள்ளே கூடுதல் தெளிவுள்ள 4கே வட்டு ஒன்று, சாதா ப்ளூரே வட்டு ஒன்று. 4கே பிளேயர் வைத்திருப்பவன் 2160 வரிப் படத்தை விட்டுவிட்டு 1080-ஐப் போட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுதலா? பிளேயர் இல்லாதவனோ இந்தப் பெட்டி பக்கமே வரமாட்டான். ப்ளூரேயோடு டிவிடி வந்த காலத்தில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது: ஹாலில் ப்ளூரே, காரில் பிள்ளைகளுக்கு டிவிடி. இப்போது எந்தக் காரில் டிவிடி இருக்கிறது?

போன மாதம் ஓர் அமெரிக்கப் பதிப்பு வரவழைத்தேன். கூட வந்த ப்ளூரே, பல வருடத்துக்கு முன் வந்த அதே பழைய வட்டு. மேலே அச்சடித்த படம்கூட மாறவில்லை. ஏற்கெனவே என் அலமாரியில் ஒன்று தூங்குகிறது. சரி, அப்புறம் ரீஜன் கூத்து: ஒரு பகுதிக்கு விற்கும் வட்டு வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. 4கே வட்டுக்கு ரீஜன் பூட்டு கிடையாது, எங்கும் ஓடும். இந்த ப்ளூரே ஏ ரீஜன்; இந்தியாவுக்கு சி. என் பிளேயர் ஒரு வரி எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிட்டது.

தூக்கிப் போடலாம் என்றால் இயக்குநர் பேட்டி, வெட்டிய காட்சிகள் எல்லாம் அதில்தானாம்! இந்த லட்சணத்தில் இரண்டையும் பெட்டிக்குள் வட்டைப் பிடிக்கும் ஒரே குமிழில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருக்கிறார்கள். மேலே இருப்பது எது என்று நினைக்கிறீர்கள்? ஓடாத அந்த ப்ளூரேதான். ஒவ்வொரு தடவையும் அதை நெம்பி எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் படமே.