அம்மைக்குத் தண்ணீர் ஊற்றியதும் பள்ளிக்கூடமா?

அண்ணாச்சி, "காய்ச்சல் விட்டு முதல் தண்ணி ஊத்தியாச்சுன்னா மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம்" என்று மேலே எழுதியிருக்கீக. சின்னம்மைக்கு அது சரியில்லை. வேப்பிலை, மஞ்சள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதில் தப்பே இல்லை. ஆனால் தொற்று நின்றதற்கு அது அடையாளம் ஆகாது.

பார்க்க வேண்டியது கொப்புளத்தை. சின்னம்மை ஒரே நாளில் மொத்தமாகப் போடாது. மூன்று நான்கு நாள் அடுத்தடுத்துப் புதுசாகக் கிளம்பும். நெஞ்சில் பொருக்குத் தட்டியிருக்கும்போதே தலைமுடிக்குள், அக்குளில், தொடை இடுக்கில் நீர்க்கொப்புளம் நிற்கும். அந்த நீரிலும் மூச்சிலும் கிருமி உண்டு. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கான பிறகே அனுப்புங்க. பெரும்பாலும் போட்டதிலிருந்து 5 முதல் 7 நாள். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காய்ந்த பொருக்கு பரப்பாது. தடுப்பூசி போட்ட பிள்ளைக்குச் சிலசமயம் கொப்புளமே வராமல் சிவப்புப் புள்ளியோடு நின்றுவிடும். அப்படியென்றால் 24 மணி நேரம் புதுப்புள்ளி வராமல் இருக்கணும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம்வரை, 6 மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின் கூடவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய் வரலாம். ஐபுபுரூஃபெனும் வேண்டாம்.

வகுப்பு டீச்சருக்கு உடனே சொல்லிருங்க. அம்மை வராத கர்ப்பிணி அங்கே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு 10 முதல் 21 நாளுக்குள் கிளம்பலாம்.