விளைச்சல் மட்டும் பார்த்து ரகம் தேடினால் போதுமா?

புதிய நெல் ரகம் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதுதான். வெள்ளம் பார்த்த காவிரிப் படுகையில் அந்த ஒரு கேள்வி போதாது. கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் பத்து நாள் மூழ்கிக் கிடந்தால், மூட்டைக் கணக்கெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மறுநடவு என்றால் நாற்று, உரம், ஆள்கூலி எல்லாமே இரண்டாவது செலவு.

மூழ்கிய வயலில் இறங்கிப் பாருங்கள். சாதாரண ரகம் மூச்சுக்காகத் தண்ணீருக்கு மேலே எட்டப் பார்க்கிறது. மளமளவென்று நீண்டு, சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடுகிறது. நீர் வடிந்ததும் வெளிறிய தாள்கள் சேற்றில் சாய்கின்றன, தூரைப் பிடித்து இழுத்தால் அழுகி வருகிறது. வெள்ளத்தைத் தாங்க வைக்கும் சப்-1 என்ற மரபணு உள்ள பயிரோ வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. இரண்டு வாரம் வரை தாங்கும். வடிந்த சில நாட்களில் புதுக்குருத்து விடும்.

இந்த மரபணு ஆய்வகத்தில் பிறந்ததல்ல. ஒடிசா உழவர்கள் வெள்ள நிலங்களில் காத்துவந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் தந்தது. அந்த நெல்லுக்கு விளைச்சல் குறைவு. மூட்டைக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் என்றோ தூக்கி எறிந்திருப்போம். சப்-1 பற்றிய ஆய்வு 2006இல் வெளியானது. மரபணு மாற்றம் செய்யாமல், கலப்பு செய்து, பிறந்த பயிரை மீண்டும் மீண்டும் தாய் ரகத்தோடே கலக்கும் பின்கலப்பும் செய்தே அதை ஸ்வர்ணா என்ற அதிக விளைச்சல் ரகத்தில் சேர்த்தார்கள். 2009இல் ஸ்வர்ணா சப்-1 இந்திய உழவர்களுக்கு வந்தது. நம் பக்கத்து சி.ஆர்.1009 நெல் ரகத்துக்கும் சப்-1 வடிவம் இருக்கிறது. வெள்ளமில்லாத ஆண்டில் பழைய ரகத்தின் அதே விளைச்சல்தான். இதைவிட என்ன வேண்டும்?

அதனால்தான் பாரம்பரிய நெல்லா, வீரிய ரகமா என்று இங்கே நடக்கும் சண்டையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. நாட்டு நெல்லைக் காப்பவருக்கும் நெல் ஆராய்ச்சிக்கும் ஒரே கையால் பணம் ஒதுக்க வேண்டும்.

சப்-1 எல்லாவற்றையும் தீர்க்காது. கடைமடையில் நேரடி விதைப்பு செய்து, முளைக்கும் முன்பே தண்ணீர் நின்றால் அது உதவாது. நீருக்கடியிலும் முளைக்கும் திறன் வேறு. மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு நெல்லில் அது இருக்கிறது. இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்த்து, விதைப்புக்கு முன்பே கடைமடை உழவர் கையில் விதை கிடைக்கச் செய்யுங்கள். நான் அரசிடம் கேட்பது இதைத்தான்.