டவரை நான் கழற்றி வைத்துக்கொள்ளவில்லை

சனிக்கிழமை கடை வாசலில் நடந்த பஞ்சாயத்தின் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவரின் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினேன், டவர் போச்சு, நான் திருடன். அவ்வளவுதானே?

அந்தப் போனுக்குள் நம்ம ஊர் பேண்ட், அதாவது போனும் டவரும் பேசிக்கொள்ளும் அலைவரிசைத் துண்டு, இல்லை ஐயா. அங்கேயே ஒரு கம்பெனி சிம்மோடு சேர்த்து விற்ற மலிவு போன். அதில் இருப்பது பேண்ட் 2, 4, 5, 12, 66, 71. இங்கே 4ஜி பெரும்பாலும் ஓடுவது 1, 3, 8, 40, அங்கங்கே 5-ம் உண்டு. இரண்டுக்கும் பொது 850 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான், அதாவது அந்த பேண்ட் 5. அதனால்தான் மொட்டை மாடிக்குப் போனால் ஒரு கோடு வருகிறது, படியிறங்கினால் அதுவும் போய்விடுகிறது. அந்த ஒரு கோட்டையும் நான்தான் மிச்சம் வைத்தேன் போலிருக்கிறது!

"டிஸ்ப்ளே மாற்றும்போது ஆண்டெனா ஒயர் பிய்ந்திருக்கும்" என்பீர்கள். பிய்யும், ஒத்துக்கொள்கிறேன். இதில் பிய்யவில்லை. திறந்து காட்டினேன், வீடியோவில் அந்த இடத்தை மட்டும் காணோம். விற்ற கம்பெனி சிம் மட்டும் ஓடும்படி பூட்டி வைக்கிற சிம் லாக்? இல்லை, பார்த்தாச்சு.

"வெளிநாட்டுப் போன் எல்லாம் இங்கே ஓடுதே?" 2003-ல் எங்கள் பெரியப்பா ஷார்ஜாவிலிருந்து ஒரு நோக்கியா கொண்டுவந்தார். இங்கே சிம் போட்டதும் பேசினார், தெருவே நின்று பார்த்தது. காரணம், அங்கேயும் 900 மெகாஹெர்ட்ஸ், இங்கேயும் அதே. அமெரிக்காவில் 1983-லேயே 800 பக்கம் அனலாக் செல்போன் குடியேறிவிட்டது, 900 வேறு வேலைகளுக்குப் போய்விட்டது, அந்த நோக்கியாவில் இருந்த ஜிஎஸ்எம் என்கிற டிஜிட்டல் முறை வந்தபோது 1900-ல் இடம் பிடிக்க வேண்டியதாயிற்று. வளைகுடாப் போனைப் பார்த்துப் பழகிய ஊர் எல்லா வெளிநாடும் ஒன்று என்று நினைத்துக்கொண்டது.

ஐடியூ என்கிற ஐ.நா. அமைப்பு உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்கா இரண்டாவது, நாம் மூன்றாவது. எல்லா நாடும் கூடிப் பேசுவார்கள், 2023-ல் துபாயில்கூடக் கூடினார்கள். ஆனால் எது ராணுவத்துக்கு, எது டிவிக்கு, எது ஏலத்துக்கு என்பதைக் கடைசியில் அந்தந்த அரசுதான் முடிவு செய்கிறது. 700 என்ற பெயர் இரண்டு ஊரிலும் இருக்கும், வெட்டியது வேறு. அங்கே பேண்ட் 13-ல் போன் பேசுவது 777-லிருந்து 787 வரை. நாம் எடுத்துக்கொண்ட பேண்ட் 28-ல் அதே இடத்தில் டவர் பேசுகிறது. ஒருத்தருக்கு வாய் இருக்கிற இடத்தில் இன்னொருத்தருக்குக் காது.

விலை கூடின ஐபோன் ஓடுகிறதே என்றால், ஓடும். ஏகப்பட்ட பேண்டுக்கு, அந்தந்த அலையை மட்டும் விடுகிற ஃபில்டர் தனித்தனியாக வைத்து, அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறான்.

இதெல்லாம் போன்காரருக்குத் தெரியாதது தப்பில்லை. "இந்தியாவே இப்படித்தான்" என்று அந்த மாப்பிள்ளை சிரித்தாரே, அதுதான் உறுத்துகிறது. 700 நம்ம ஊரில் 2016 அலைவரிசை ஏலத்திலும் போணியாகவில்லை, 2021-லும் ஆகவில்லை, விலை அப்படி. 2022-ல்தான் விற்றது. அதைச் சொல்லித் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். உங்கள் போனில் இல்லாத பேண்டுக்கு என் நாட்டையும் என் கடையையும் ஏன் இழுக்கிறீர்கள்? பதினெட்டு வருஷமாக இதே ஷட்டரைத்தான் தூக்குகிறேன். ஒருத்தர் என்னைத் திருடன் என்று சொன்னதில்லை.

போன் டிராயரில்தான் இருக்கிறது. டிஸ்ப்ளே காசு இன்னும் வரவில்லை.