காந்தத்துக்கு வெல்டிங் பொட்டு வைத்தால் பிடி கூடுமா? கூடாது, போய்விடும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், ஸ்பேனர் போன்ற கருவிகளைக் காந்தத்தில் மாட்டிவைக்கும் தகடு பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: "நியோடிமியம் காந்தம் தகட்டை விட்டுக் கழன்று வருகிறதா? ஓரத்தில் ஒரு வெல்டிங் பொட்டு, இல்லையென்றால் சாலிடர். ஆயுசுக்கும் அசையாது."

இது தவறு. நியோடிமியம் என்பது சின்னதாக இருந்தாலும் பலமாகப் பிடிக்கும் காந்தம். அதில் சாதாரண வகை சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் சூடேறினால் சக்தி குறையும். ஆறினாலும் இழந்தது தானாகத் திரும்பாது. ஈய சாலிடர் உருகவே 183 டிகிரி வேண்டும். வெல்டிங் சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காந்தம் அசையாமல் இருக்கும், சரி, ஸ்பேனரைப் பிடிக்காது.

துளை போட்டு ஸ்குரூ முடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இது பீங்கான் மாதிரி நொறுங்கும், தூளும் தீப்பிடிக்கும். துளையோடு வரும் காந்தமே கடையில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் நல்லது.

ஒட்டத்தான் வேண்டும் என்றால் அரால்டைட் போல இரண்டு டியூப் கலக்கும் எப்பாக்சி. சூப்பர் க்ளூ அடி பட்டால் விட்டுவிடும். தகட்டில் பெயின்ட், துரு, எண்ணெய் எல்லாம் போக உப்புத்தாள் தேய்த்து, அசிட்டோனால் துடைக்கவும். காந்தத்தின் பளபளப்பை மட்டும் லேசாக மங்கவைத்தால் போதும். நிக்கல் பூச்சு கிழிந்தால் உள்ளே துரு ஏறும். அப்புறம், ஈரப் பசையில் பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவே மரத்துண்டு செருகி, ஒரு ராத்திரி விடவும்.